பதினைந்து நிமிடம் மட்டும்

அன்புள்ள அண்ணா,

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். பழைய மடிகணினியில் ஆம்பியன்ட் இசை, அதாவது பாட்டும் தாளமும் இல்லாமல் சூழலை மட்டும் எழுப்பும் இசை, செய்வேன். விண்வெளிக்கு அனுப்பிய விலங்குகளை வைத்து ஒரு தொகுப்புச் செய்ய ஆசை. முதலாவதாக, ஸ்புட்னிக் 2 கலத்தில் போன லைக்கா என்ற நாயைப் பற்றி ஒன்பது நிமிடத்தில் ஒன்று முடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீளமான பாட் (இழுத்து ஒலிக்கும் பின்னணிச் சுரம்), ஸ்புட்னிக்கின் பீப், இதயத்துடிப்பு, கடைசியில் ஊளை. நாங்கள் இருக்கும் லயத்து வீட்டு வரிசையின் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தையும் பின்னால் போட்டேன். ஒரு வாரம் தனியாகச் சுற்றிவிட்டு நோகாமல் செத்துப்போனது என்று வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கூட்டாளிமார் "பாட்டு எப்ப தொடங்கும்?" என்கிறார்கள். அடுத்தது பெலிசெட் பூனையும் ஹாம் சிம்பன்சியும். கணினியில் செருகி வாசிக்க 25 கட்டை மிடி கீபோர்ட் வாங்கவா, 49 கட்டையா? பெயரைத் தமிழில் வைக்கலாமா?

க.

அன்புள்ள தம்பி,

பெயர் தமிழிலேயே இருக்கட்டும், இதையெல்லாம் கேட்க வேண்டுமா? கூட்டாளிமாரை விடுங்கள். கீபோர்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த ஊளையைத் தூக்குங்கள். அது ஓநாயின் ஊளை, எங்கோ இலவசமாக இறக்கியது. லைக்கா மாஸ்கோ தெருநாய். நமக்கு வந்து சேர்ந்தது அதன் குரலல்ல, நாடித்துடிப்பும் மூச்சும் எண்களாக வந்தன. நாய்க்குப் பதிலாக நீங்கள் அழுது காட்டினால் கேட்பவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

அந்த ஒரு வாரக் கதையும் பழையது. 1957 நவம்பர் 3இல் ஏவினார்கள். சூடு தாங்காமல் ஐந்திலிருந்து ஏழு மணி நேரத்துக்குள் அது இறந்துவிட்டது என்பது 2002இல்தான் வெளியே வந்தது. அறை 40 பாகைக்கு ஏறியது. 15 பாகையைத் தாண்டினால் சுழலும்படி உள்ளே ஒரு விசிறி வைத்திருந்தார்கள். ஆக, அந்த நாய் கடைசிவரை கேட்டிருக்கக்கூடியது விசிறிச் சத்தத்தை. உங்கள் இசையில் விசிறியே இல்லை!

விசிறிக்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம். தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் விசிறிகள் இரவெல்லாம் ஓடுகின்றன. அங்கே பொறுப்பாக இருக்கும் டீ மேக்கரிடம் கேட்டுக்கொண்டு, உருட்டும் மெஷின்களைப் போடுமுன் நாலு நிமிடம் பதியுங்கள். காற்று வரும் நேருக்கு நிற்காதீர்கள். மைக்கில் காற்று மோதினால் ‘புபுபு’ என்று விழும், பிறகு எந்த ஃபில்டராலும் அதைக் கழுவ முடியாது. பக்கவாட்டில் ஒன்றரை மீற்றர் தள்ளி நில்லுங்கள். போன் என்றால் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, சுருக்காத வேவ் கோப்பாக, உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்குள் எடுங்கள்.

இனி துடிப்பு. ஒரே ‘லப்-டப்’பை எடுத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். அதனால் சுருதியும் ஏறி, கேட்க எலியின் இதயம் மாதிரி இருக்கிறது. இதயம் விரைந்தால் லப்புக்கும் டப்புக்கும் நடுவே கொஞ்சம்தான் குறையும், டப்புக்குப் பிறகு வரும் ஓய்வுதான் நிறையக் குறையும். புறப்படுமுன் லைக்காவுக்கு நிமிடத்துக்கு 103 துடிப்பு, அதாவது ஒரு துடிப்புக்கு 582 மில்லிசெக்கன். லப்புக்கும் டப்புக்கும் நடுவே 200 வையுங்கள், மீதி ஓய்வு. ராக்கெட் ஏறும்போது 240, துடிப்புக்கு 250 மில்லிசெக்கன்தான். அங்கே லப்புக்கும் டப்புக்கும் நடுவே 130, ஓய்வு 120. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகி, லப்-டப் என்பதே அழிந்து கடிகாரம் மாதிரி டிக்டிக் என்று ஓடும். பயம் அந்தச் சமத்தில் இருக்கிறது, ரிவெர்ப் என்ற எதிரொலி எதற்கு? லப்புக்கு 60 ஹெர்ட்ஸ் சைன் அலை, 80 மில்லிசெக்கனில் 45க்கு இறங்கட்டும். டப் சற்று மேலே, 75, இன்னும் குட்டையாக. பிறகு லேசாக சாச்சுரேஷன் போடுங்கள், ஒலியைக் கொஞ்சம் சிதைத்து மேல்சுரங்களைக் கூட்டும் வேலை அது. போன் ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸ் வரவே வராது, அதன் மேல்சுரங்களை வைத்துத்தான் காது பிடிக்கும். நீங்கள் அனுப்பியதைப் போனில் போட்டால் இதயமே இல்லை.

இதைவிடப் பெரிய பிழை, ஒன்பது நிமிடமும் இதயம் துடிப்பது. அந்தக் கலம் ஒரு சுற்றுச் சுற்ற 103.7 நிமிடம். அதில் தரவு அனுப்பியது சுற்றுக்கு 15 நிமிடம் மட்டும். மற்ற நேரமெல்லாம் நாய் இருக்கிறதா இல்லையா என்று கீழே ஒருவருக்கும் தெரியாது. தம்பி, உங்கள் இசையின் வடிவம் அங்கே தயாராகக் கிடக்கிறது, நீங்கள் பாட் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நேரத்தைப் பத்தில் ஒன்றாக்குங்கள். துடிப்பைச் சுருக்காதீர்கள், சுற்றை மட்டும். ஒரு சுற்று 10 நிமிடம் 22 செக்கன், அதில் 90 செக்கன்தான் மேலிருந்து ஒலி. முதல் 90இல் துடிப்பு 103இல் தொடங்கி அரை நிமிடத்தில் 240க்கு ஏறட்டும். 10:22இல் மறுபடி திறக்கும்போது 150ஐ ஒட்டி வையுங்கள். 20:44இல் 102. எடையற்ற நிலையில் அது அந்த 102க்கு இறங்க மூன்று மணி நேரம் பிடித்தது. நிலத்தில் சுழற்றிச் சோதித்தபோது பிடித்ததைவிட மூன்று மடங்கு. அவசரப்படாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பீப்பும் ஒரே சுருதியில் நிற்கக் கூடாது. 20.005 மெகாஹெர்ட்ஸில் வந்த சைகை அது. செக்கனுக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் கலம் வந்து போகும்போது டொப்ளர் விளைவால் (நெருங்கும்போது சுருதி கூடும், விலகும்போது குறையும்) சுமார் 500 ஹெர்ட்ஸ் மேலே தொடங்கி, அதே அளவு கீழே போய் முடியும். 1500 ஹெர்ட்ஸில் தொடங்கி 500இல் விடுங்கள். தொடக்கத்தில் அசைவே தெரியாது, தலைக்கு மேல் வரும்போது சட்டென்று சரியும், பிறகு மறுபடி மெதுவாகும். நேர்கோடாக இழுத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடும்.

இடையில் வரும் 8 நிமிடம் 52 செக்கனுக்கும் உங்கள் தகரத்து மழை போதும். திரும்பத் திரும்ப ஓடும்படி 23 செக்கனில் ஒரு லூப், 29 செக்கனில் ஒரு லூப். இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 11 நிமிடம் 7 செக்கன் ஆகும், அதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். உங்கள் பதிவில் 4:10இல் மழைக்கு நடுவே தூரத்து லயத்தில் ஒரு நாய் இரண்டே இரண்டு தரம் குரைக்கிறது. நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. அதை லூப்புக்குள் விடாமல் தனியாக வெட்டி, ஒரே ஒரு தரம், இரண்டாவது இடைவெளியில் வையுங்கள். கீழே இருக்கிற நாய் குரைக்கலாம். அதன் மேல் ஒரு எஃபெக்டும் போடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பெலிசெட்டும் ஹாமும் திரும்பி வந்தவர்கள், கால் மணி நேரப் பயணம். நீல விளக்கு எரிந்தால் ஐந்து செக்கனுக்குள் நெம்புகோலைத் தள்ள வேண்டிய சிம்பன்சிக்கும் இதே சோகப் பாட்டைப் போட்டு என்னிடம் அனுப்பினால் கோபம் வரும்.

கீபோர்ட்: இதில் வாசிக்க என்ன இருக்கிறது? காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள்.

நான்காவது தரம் 31:06இல் திறக்கும். விசிறி இருக்கட்டும், பீப் சரிந்து போகட்டும், துடிப்பைப் போடாதீர்கள். 90 செக்கனும் அப்படியே விடுங்கள், நீளமாக இருக்கிறது என்று வெட்டக் கூடாது. திருத்தியதை அனுப்புங்கள். எம்பி3 வேண்டாம், வேவ்.