பயன்படாமல் கிடக்கும் நகர இடங்களுக்குக் கட்டடக் கலைஞர்கள் எவ்வாறு புத்துயிர் அளிக்கலாம்?

கேள்வி கேட்டவர் பெரும்பாலும் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இடம் தேடும் மாணவராக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால், சரக்கு ரயில் ஓடி நின்றுபோன உயர்மட்டப் பாதையை 2009இல் பூங்காவாகத் திறந்த நியூயார்க்கின் ஹை லைன் படங்களை உங்கள் ஆசிரியர் இதற்குள் காட்டியிருப்பார். நான் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கெட்டேன். திருநெல்வேலியில் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைப்பவனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஓர் இடத்தை உயிர்ப்பிக்கப் போய் அதைச் சாகடித்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பாளையங்கால்வாய்க் கரையோரம் ஏறத்தாழ 20 சென்ட் புறம்போக்கைப் பூங்காவாக மாற்ற வரைபடம் தரும்படி ஓர் உள்ளாட்சி அலுவலகம் கேட்டது. கோப்பில் அது 'பயன்பாடற்ற நிலம்' என்றே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் போய் அளந்தேன். பெரிய மருதமரம் ஒன்று, அதன் கீழ் இரண்டு ஆடுகள், கரையோரம் குப்பை; மனிதர் ஒருவரும் இல்லை. நானும் காலியிடம் என்று குறித்துக்கொண்டு வந்து, சுற்றிலும் கம்பி வேலி, பூட்டும் கதவு, புல்தரை, மரத்தின் அடிவரை சிமென்ட் கல் பாவிய நடைபாதை, கருங்கல் இருக்கைகள் என்று வரைந்து கொடுத்தேன். கட்டி முடித்ததும் மேடை போட்டுத் திறந்தார்கள். இரண்டு மாதத்தில் அங்கே ஆடுகள்கூட வருவதில்லை.

உண்மையில் அந்த இடம் காலியாக இருந்ததே இல்லை. வார நாட்களில் முற்பகல் 10 மணிக்கு மேல் பக்கத்துத் தெருப் பெண்கள் மரத்தடியில் வட்டமாக அமர்ந்து பீடி சுற்றுவார்கள். அவர்கள் கடையில் பீடி கொடுக்க எழுந்து போனதும் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பருவத்தில் பதநீர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்துவார். நான் அளக்கப் போனதோ இவர்களில் எவரும் இல்லாத நாளில், எவரும் இல்லாத நேரத்தில். தெருவில் வீட்டு வாசலில் நெருக்கி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த வயதான அம்மாள் ஒருவரிடம், ஏன் பூங்காவுக்குள் போவதில்லை என்று கேட்டேன்.

"கல்லு சுடுதுல்லா, எய்யா. போட்டும், சுளகை மடியில வச்சிக் காலை நீட்டி உக்காரணுமே, அந்தக் கல்லுல எங்க நீட்ட?"

அதற்குமேல் எனக்கு ஒரு பாடமும் தேவைப்படவில்லை. ஒன்றரை அடி அகல இருக்கை என்பது, காலைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் இளைப்பாறிப் போகிறவருக்கானது. மடியில் சுளகோடு, அதாவது முறத்தோடு, ஐந்து மணி நேரம் வேலை செய்கிறவருக்கு வேண்டியது திண்ணை. நம் பாட்டன்மார் வீட்டு வாசலில் கட்டிவைத்த அந்த அகலத்தை, ஐந்தாண்டு படித்த நான் மறந்திருந்தேன்.

பிறகு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கதவைக் கழற்றச் செய்து, மரத்தைச் சுற்றி 4 அடிக்குக் கற்களைப் பெயர்த்து வேருக்குத் தண்ணீர் இறங்க வழிவிட்டு, வடக்கு ஓரத்தில் நிழல் விழும் பக்கமாக 5 அடி அகலத்தில் சாய்மானத்தோடு செங்கல் மேடை ஒன்று கட்டினேன். புல்தரையை மண் தரையாகவே விட்டுவிட்டேன். முதல் வேலைக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை. பெண்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பையன்களும் வந்தார்கள்.

இதைச் சொன்னால், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கா கட்டடக் கலைஞர் என்று சிலர் கிளம்புவார்கள். பிரான்சின் போர்தோ நகரில் லியோன் ஒகோக் சதுக்கத்தை அழகுபடுத்தும்படி 1996இல் கேட்கப்பட்ட அன் லகாத்தோன், ழான் ஃபிலிப் வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரும், அங்கே சென்று பார்த்துப் பேசிவிட்டு, அது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது, சரளைக்கல்லை மாற்றி மரங்களைப் பராமரித்து அடிக்கடி கூட்டினால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்குத்தான் 2021இல், கட்டடக் கலையின் மிக உயரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? ஆனித் தேருக்காக அகலமாக விடப்பட்ட நெல்லையப்பர் கோயில் ரத வீதிகள், தேர் ஓடாத நாட்களில் கடைத்தெருவாக இருக்கின்றன. ஒரே இடம் நேரத்துக்கு நேரம் வேறு ஆட்களுக்கு உரியது என்பது இந்த ஊருக்குப் புதிய செய்தி அன்று.

ஆக்கிரமிப்புக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றோ, எங்கும் எதையும் கட்டக்கூடாது என்கிறேன் என்றோ யாரும் படித்துவிட வேண்டாம். மும்பை மாட்டுங்காவில் மேம்பாலத்தின் அடியில் 2016இல் திறந்த பூங்கா, வேலியும் நடைபாதையும் போட்டுத்தான் நன்றாக இருக்கிறது. அங்கே அது தேவைப்பட்டது. உங்கள் இடத்தில் எது தேவை என்பதை, சித்திரை வெயிலில் பிற்பகல் 2 மணிக்குக் குடையோடு போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரையுங்கள். மணிக்கு ஒருமுறை யார், எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று குறிக்கும் ஒரு வாரக் கணக்கு, எந்தக் கணினிப் படத்தையும்விட உங்களுக்கு அதிகம் உதவும். பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கட்டணம் கேட்டால் நம் ஊரில் யாரும் தரமாட்டார்கள் என்பது வேறு கதை. இரண்டாம் முறை செய்த வேலைக்கு எனக்கு இன்றுவரை பணம் வரவில்லை, திறப்புவிழாக் கல்லோ நான் கட்டிய மேடையைவிட உயரமாக நிற்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருட்டியபின் அந்த இடத்துக்குப் பெண்கள் இப்போதும் வருவதில்லை. ஒரு விளக்குக் கம்பம் நட்டுப் பார்த்தோம். குடிப்பவர்களுக்குத்தான் அது வசதியாகப் போயிற்று. மாலை 7 மணிக்குப் பிறகு அங்கே என்ன செய்வது என்பதற்கு என்னிடம் இன்னும் வரைபடம் இல்லை.