முத்துப்பிள்ளைக் கர்ப்பம்: 69 குரோமோசோம் என்றால் புற்றுநோயா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 26. பதினோராவது வாரத்தில் கரு கலைந்து, கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். திசு அறிக்கையில் ‘பகுதி முத்துப்பிள்ளை, டிரிப்ளாய்டி, 69 குரோமோசோம்’ என்று இருக்கிறது. புற்றுநோய் செல்களில்தான் குரோமோசோம் தொகுதிகள் கூடுதலாக இருக்கும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பப்பாளி சாப்பிட்டதால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் என் அம்மா. வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அவளுக்குப் புற்றுநோயா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

மருத்துவர் பதில்: இல்லை. அறிக்கையில் இருப்பது புற்றுநோய் அல்ல. பப்பாளிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சினைமுட்டையில் 23 குரோமோசோம்கள், விந்தணுவில் 23, சேர்ந்தால் 46. பகுதி முத்துப்பிள்ளையில் பெரும்பாலும் ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிடுகின்றன. 23 கொண்ட தொகுதி மூன்றாகி, கணக்கு 69 ஆகிறது; இதைத்தான் டிரிப்ளாய்டி என்கிறார்கள். அந்தக் கரு நிலைக்காது. நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர்கோத்து, முத்து முத்தாக வீங்கும். இதில் உங்கள் மனைவி செய்த தவறு என்று எதுவுமே இல்லை. வீட்டில் இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தையை இழந்த பெண்ணின் மீது பழியும் விழுவதை என் அறையில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், பொறுக்க முடிவதில்லை.

நீங்கள் படித்தது பாதி உண்மை. கூடுதல் தொகுதிகள் நோயில்லாத உடம்பிலும் உண்டு. உங்கள் கல்லீரலில் கணிசமான செல்கள் 46-க்குப் பதில் 92 குரோமோசோம்களோடு வேலை செய்கின்றன. வயது ஏற ஏற அவை கூடும். எலும்பு மஜ்ஜையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை உருவாக்கும் பெரிய செல், பிரியாமலே தன் டி.என்.ஏ-வை மீண்டும் மீண்டும் இரட்டிப்பாக்கி, பல சமயம் 16 தொகுதிகள் வரை சேர்த்துக்கொள்கிறது. அப்படிப் பருத்தால்தான் ஒரே செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் தட்டணுக்கள் உதிர முடியும். உங்கள் ஊர் வயலில் நிற்கும் கரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் ஒவ்வொரு செல்லிலும் 100-க்கும் மேற்பட்ட குரோமோசோம்கள்.

புற்றுநோயில் நடப்பது வேறு. கல்லீரலிலும் மஜ்ஜையிலும் இரட்டிப்பு உடம்பின் கட்டுப்பாட்டுக்குள் நடக்கிறது. கட்டுப்பாடு தவறி இரட்டித்த செல்லைப் பி53 என்ற காவல் புரதம் வழக்கமாக நிறுத்திவிடும். அந்தக் காவல் பழுதாகிவிட்டால் செல் தொடர்ந்து பிரியும். குரோமோசோம்களைச் சமமாகப் பங்கிடத் தெரியாமல் ஒரு மகள் செல்லுக்கு அதிகமாகவும் மற்றதற்குக் குறைவாகவும் கொடுக்கும். இந்தத் தாறுமாறான பங்கீடே புற்றுநோய்க்கு வேராகலாம் என்று ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் போவெரி 1914-இலேயே எழுதினார். இன்று, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புற்றுக்கட்டிகளில் மொத்தத் தொகுதியும் ஒருமுறையாவது இரட்டித்த தடயம் தெரிகிறது. ஆனால் எலிகளின் கல்லீரலில், கூடுதல் தொகுதி புற்றுக்கட்டியைத் தடுப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்: காவல் மரபணு ஒன்று கெட்டாலும் மாற்றுப் பிரதிகள் கைவசம் இருக்கின்றன.

அப்படியானால் வாராவாரம் ரத்தம் எதற்கு? மிச்சமிருக்கும் நஞ்சுக்கொடித் திசு சிலருக்கு அடங்காமல் வளரக்கூடும். பகுதி முத்துப்பிள்ளையில் இது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. அந்தத் திசு சுரக்கும் பீட்டா எச்.சி.ஜி. என்ற ஹார்மோன்தான் நமக்குத் துப்பு. நீங்கள் அனுப்பிய மூன்று சீட்டுகளைப் பார்த்தேன்: 1,900, பிறகு 240, பிறகு 31. அழகாக இறங்குகிறது. 5-க்குக் கீழே வந்து, ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் பொதுவாகப் பரிசோதனையை நிறுத்திவிடலாம். ஏறினாலோ, இறங்காமல் நின்றாலோ மருந்து உண்டு. இது மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் நோய், கருப்பையையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

அதுவரை கர்ப்பம் வேண்டாம். புதுக் கர்ப்பமும் இதே ஹார்மோனை ஏற்றிவிடும், எது எதுவென்று பிரிக்க முடியாது. ஆணுறையோ மாத்திரையோ போதும்; காப்பர்-டி இப்போது வேண்டாம். ரத்தப்போக்கு மீண்டும் அதிகமானாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த வாரச் சீட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். உங்கள் மனைவியின் ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் ரத்த வகைச் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள்.

மறுபடியும் முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. அடுத்த கர்ப்பத்தில் எட்டாவது வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.