அழித்த பழைய வாசகம் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: எங்கள் இணையதளத்தின் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் இன்னும் பழைய வாசகமே வருகிறது. சில இடங்களில் வாசகமே இல்லை, கோண அடைப்புக்குள் ஏதோ குறியீட்டுப் பெயர் நிற்கிறது. சர்வரில் கேச்சை (தற்காலிகச் சேமிப்பை) அழித்தால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது, அப்புறம் பழையபடி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: 'கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது' என்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. அழித்த பிறகும் திரும்பி வருகிறது என்றால், பழையதை யாரோ மறுபடி நிரப்புகிறார்கள்.

திரையில் தெரியும் வாசகங்கள் மொழிக் கோப்பில் இருக்கும். நிரல் அவற்றைக் குறியீட்டுப் பெயர் சொல்லிக் கேட்கும். ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து படித்தால் தாமதமாகும் என்பதால், எல்லாவற்றையும் தொகுத்து கேச்சில் வைத்துக்கொள்வார்கள். பல சர்வர்கள் ஒரே கேச்சைப் பகிர்ந்துகொள்ளும்போதுதான் சிக்கல். நீங்கள் அழித்ததும் முதலில் வந்து கேட்பது எந்த சர்வரோ, அதுதான் நிரப்பும். அது புதுப்பிக்காமல் விட்டுப்போன சர்வர் என்றால் பழைய தொகுப்பே உள்ளே போய் உட்காரும். அதில் புதிய நிரல் தேடும் பெயர் இருக்காது. வாசகத்துக்குப் பதில் வெறும் பெயரைக் காட்டிவிடும். விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கி போன்றவை அதைக் கோண அடைப்புக்குள் காட்டும்.

எங்களுக்கு ஒரே ஒரு சர்வர்தானே என்றால், பின்னணி வேலைகளைப் பார்க்கும் புரோசஸ்களைப் பாருங்கள். மறுதொடக்கம் செய்யாவிட்டால் அவை பழைய நிரலை நினைவில் வைத்தபடியே ஓடிக்கொண்டிருக்கும். பிஎச்பி நிரல்மொழியில், தொகுத்த நிரலை நினைவில் வைத்துக்கொள்ளும் ஓபிகேச்சும் அப்படித்தான். கோப்பு மாறியதா என்று பார்க்கும் வசதியை வேகத்துக்காக அணைத்து வைத்திருந்தால், புதிய கோப்பைப் போட்டதே அதற்குத் தெரியாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் எல்லா சர்வர்களிலும் புதிய பதிப்பு. பிறகு பிஎச்பியையும் பின்னணிப் புரோசஸ்களையும் மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்குப் பிறகே வாசகத் தொகுப்பை மறுபடி உருவாக்க வேண்டும். மீடியாவிக்கியில் இதற்கென்றே பராமரிப்பு நிரல் உண்டு. சிடிஎன் (பக்கங்களின் பிரதியை வைத்திருந்து வாசகர்களுக்கு வழங்கும் இடைச் சர்வர்கள்) கேச்சைக் கடைசியில் அழியுங்கள். நடுவில் அவசரப்பட்டு அழிப்பது வீண் வேலை.

சிடிஎன்தான் காரணமா என்று சந்தேகம் இருந்தால், பிரவுசரின் டெவலப்பர் கருவியில் சர்வர் பதிலின் ஹெடர்களை (பதிலோடு வரும் குறிப்பு வரிகளை) பாருங்கள். 'ஏஜ்' என்ற ஹெடரில் 86400 (விநாடிக் கணக்கு) என்று இருந்தால், அந்தப் பிரதி இடைக் கேச்சில் ஒரு நாளாகக் கிடக்கிறது. கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தச் சொல்வது வழக்கம்தான், ஆனால் அது அழுத்தியவருக்கு மட்டுமே உதவும். வருகிற எல்லோரிடமும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

நிரல் எழுதுபவரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். வாசகத்தின் பொருளோ, அதில் நிரப்ப வேண்டிய இடங்களின் எண்ணிக்கையோ மாறினால், பழைய பெயரிலேயே திருத்தாமல் புதுப் பெயர் கொடுக்கட்டும். '1 கோப்பு அழிக்கப்பட்டது' என்று வர வேண்டிய இடத்தில் பழைய வாசகமும் புதிய எண்ணும் கலந்து தவறான தகவல் போவதைவிட, வெறும் குறியீட்டுப் பெயர் தெரிவது எவ்வளவோ மேல்.