வெறும் வயிற்றில் அப்பாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கும் உங்கள் அப்பா வயலிலிருந்து பதினொரு மணிக்குத் திரும்பும்போது எல்லோர் மீதும் எரிந்து விழுகிறார், சோறு உண்டதும் அடங்கிவிடுகிறார். இது குணமா நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரத்தைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகிப்பது குளிசையைத்தான். கிளிநொச்சிப் பக்கம் நீரிழிவுக் கிளினிக்கில் தாதியாக இருக்கும் எனக்கு இந்தக் கோபம் நன்கு பழக்கம்.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நாளுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ். பெரிய சேமிப்பும் அதனிடம் இல்லை. ஆகவே இரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலீட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால், மூளை வாடும் முன்னரே குளுக்ககோன், அட்ரினலின் என்ற ஹோர்மோன்கள் சுரந்து, ஈரலில் சேர்ந்திருக்கும் குளுக்கோஸை வெளியே விடச் செய்கின்றன. பாம்பைக் கண்டால் சுரப்பதும் இதே அட்ரினலின்தான். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, சீற்றம் எல்லாம் அதன் வேலை. வீட்டில் பாம்பு இல்லை, நீங்கள் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

54க்கும் கீழே போனால் மூளையே பட்டினி. நாக்குக் குழறும், நடை தள்ளாடும், கேட்டதற்குப் பொருந்தாத பதில் வரும். காலையிலேயே குடிவெறி என்று ஊர் சிரித்த சிலருக்கு உண்மையில் தேவைப்பட்டது சீனித் தண்ணீர்தான்.

சீனி வருத்தம் இல்லாதவர்களுக்கு இந்த அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லசைட் போன்ற குளிசையோ, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க முதல் பஸ்ஸில் வந்து, “குளிசையை மட்டும் மறக்காமல் போட்டுவிட்டேன்” என்று பெருமைப்படுபவர்களை ஒவ்வொரு கிளினிக் நாளிலும் பார்க்கிறேன். அதை இரத்தம் கொடுத்தபின் சாப்பாட்டோடு போட வேண்டும். மெட்ஃபோர்மின் என்ற சீனிக் குளிசை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. அட்டெனோலோல் என்ற இரத்த அழுத்தக் குளிசை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வையைக் கவனியுங்கள்.

சோறு உண்டதும் அடங்குவதற்குச் செரோட்டோனின் என்ற மூளை இரசாயனம்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். மாச்சத்து மட்டும் உண்டால் இன்சுலின் மற்ற அமினோ அமிலங்களைத் தசைக்குள் தள்ள, செரோட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோபான் மூளைக்குள் நுழைய வழி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் தட்டில் மீன் குழம்போ பருப்போ இருந்தால், அவற்றின் புரதத்திலிருந்து மற்ற அமினோ அமிலங்களும் வந்து சேர, அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். உங்கள் அப்பாவுக்கு நடப்பது அதைவிட எளிது: குளுக்கோஸ் ஏறுகிறது, அட்ரினலின் இறங்குகிறது. உண்ட களையின் ஒரு பகுதிக்கு வேறு விளக்கம் இருக்கலாம். விழிப்பாக வைத்திருக்கும் ஒரெக்சின் நரம்பணுக்களைக் குளுக்கோஸ் அடக்குகிறது என்று 2006இல் எலிகளில் கண்டார்கள்.

அடுத்த முறை சீறும்போது விரலில் குத்திச் சீனி அளவைக் கருவியில் பாருங்கள். கருவி இல்லையென்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து, பிறகு சோறு போடுங்கள். தயிரும் பனங்கட்டியும் அந்த நேரத்துக்கு வேண்டாம், கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நேரத்தையும் சீனி அளவையும் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள், அவர் குளிசையின் அளவை மாற்றுவார்.