கிரீம் இல்லாமல் காய்கறி சூப்: வயிறு ஏன் இன்னும் உப்புகிறது?

கேள்வி: எனக்கு 48 வயது. சில மாதங்களாகப் பால், காபி குடித்தால் வயிறு உப்புசம், வாய்வு, சில நாள் வயிற்றுப்போக்கு. பாலை நிறுத்திய பிறகு தொல்லை பாதி குறைந்தது. மழைக்காலத்தில் இரவு சூடாக ஒரு சூப் குடித்துவிட்டுப் படுப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஹோட்டல் சூப், பாக்கெட் சூப் எது குடித்தாலும் வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது. வெண்ணெய், கிரீம் இல்லாமல் வீட்டிலேயே நல்ல காய்கறி சூப் செய்ய முடியுமா? பாலுக்குப் பதிலாக அந்தச் சத்து போதுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகச் செய்யலாம். அதற்கு முன் வெண்ணெய் மேல் போட்டிருக்கும் பழியைக் கொஞ்சம் இறக்கி வைப்போம்.

பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கக் குடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். வயது கூடக்கூட நம்மில் பலருக்கு அது குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும்போதுதான் உப்புசமும் வாய்வும். ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. சூப்பில் ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி கிரீமில் 1 கிராம் அளவுதான். ஒரு ஸ்பூன் வெண்ணெயில் இருப்பது கணக்கிலேயே வராது, நெய்யில் அதைவிடக் குறைவு. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர் இந்த அளவைச் சாதாரணமாகத் தாங்குவார்கள். பாலும் மைதாவும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளை சாஸ் ஊற்றிய சூப் என்றால் சேதி வேறு.

அப்படியானால் ஹோட்டல் சூப்பில் உங்களைப் படுத்துவது எது? என் சந்தேகம் வெங்காயம், பூண்டு மேல். இரண்டிலும் ஃப்ரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்து இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் யாருக்குமே இல்லை. குடல் கொஞ்சம் சுணக்கமாக இருப்பவர்களுக்கு உப்புசம் தாங்காது. வாய்வுக்குப் பூண்டு தின்னச் சொல்வது நம் வீட்டு வழக்கம். சிலருக்கு அந்தப் பூண்டே வாய்வைக் கிளப்பும். காலிஃபிளவர், முட்டைக்கோஸ் இரண்டும் இதே ரகம். பாக்கெட் சூப்பில் பால் பவுடரும் இருக்கலாம், வெங்காயப் பொடியும் இருக்கலாம். உப்போ கேட்கவே வேண்டாம். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பால் உள்ளது' என்ற அலர்ஜி குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாலை விட்டும் உங்களுக்குப் பாதித் தொல்லைதான் குறைந்தது என்பதும் இந்தச் சந்தேகத்துக்குப் பொருந்துகிறது.

சரி, சூப்புக்கு வருவோம். கிரீம் தருவது கெட்டித்தன்மையும் வழுவழுப்பும்தான். அதைப் பரங்கிக்காயும் பாசிப்பருப்பும் நன்றாகவே தரும். இரண்டு மூன்று பேருக்குக் கால் கிலோ பரங்கிக்காய், ஒரு கேரட், இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு போதும். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாய்வு கொஞ்சம் குறையும். குக்கரில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, சீரகம் பொரிந்ததும் தட்டிய இஞ்சி போட்டு வதக்கி, காய், பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர் சேர்த்து மூன்று விசில் விடுங்கள். எண்ணெயே வேண்டாம் என்று சிலர் பத்தியம் காப்பார்கள்; அது தேவையில்லை. பரங்கி, கேரட்டின் மஞ்சள் சத்து உடம்பில் சேரக் கொழுப்பு கொஞ்சம் வேண்டும்.

பூண்டு வாசனை இல்லாமல் இறங்காது என்றால் ஒரு வழி உண்டு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் முதலில் அந்த எண்ணெயில் இரண்டு பல் பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, காய் போடுவதற்கு முன் பல்லை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். மணம் எண்ணெயில் தங்கிவிடும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் பொடியாக நறுக்கிக் கடைசியில் தூவலாம்.

வெந்ததைச் சூட்டோடு மிக்ஸியில் போட்டு மூடாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கியடித்து, முகமும் கையும் வெந்துபோய் வந்தவர்களுக்கு மருந்து போட்டிருக்கிறேன். ஆறவிட்டு அரையுங்கள், இல்லையென்றால் பருப்பு மத்தால் மசித்தாலே போதும். அப்புறம் வடிகட்ட வேண்டாம், நார்ச்சத்தெல்லாம் வடிகட்டியில் நின்றுவிடும். மறுபடி ஒரு கொதி விட்டு, உப்பைக் குறைத்து, மிளகை அப்போதே தட்டிப் போடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு. இன்னும் வழுவழுப்பு வேண்டுமென்றால் அணைத்தபின் கால் டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றலாம், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் தேங்காய்ப்பாலை எப்போதாவது வைத்துக்கொள்ளட்டும். சோளமாவு கரைத்து ஊற்றுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. கெட்டியாக்குமே தவிர வெறும் மாவுச்சத்துதான்.

சத்து போதுமா என்று கேட்டீர்கள். போதாது. இந்தச் சூப்பில் போடும் பருப்பு முழுவதிலும் சேர்ந்து 7 கிராம் புரதம் இருக்கும், ஏறக்குறைய ஒரு டம்ளர் பாலில் உள்ள அளவு. அதையும் இரண்டு மூன்று பேர் பங்கு போடுகிறீர்கள். கால்சியம் இன்னும் மோசம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதைவிடக் கூடுதல். உங்கள் வயதில் எலும்பை இப்போதே கவனிக்க வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லவை. தயிரையும் மோரையும் சேர்த்து விட்டுவிட்டீர்களா? தேவையில்லை. தயிராகும்போதே லாக்டோஸ் கொஞ்சம் குறைகிறது, மீதியைச் செரிக்கத் தயிரில் உள்ள பாக்டீரியாவே கைகொடுக்கிறது. அரை டம்ளர் மோரில் தொடங்கிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பால் பட்டதும் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வருபவர்களுக்கு இருப்பது பால் புரத அலர்ஜி. அவர்கள் நெய்யைக்கூடத் தொடக்கூடாது. நான் மேலே சொன்ன சலுகை எதுவும் அவர்களுக்கு இல்லை. சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சூப்பைக் குடிக்க வேண்டாம். காயிலிருந்து இறங்கும் பொட்டாசியம் அத்தனையும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும்.

உங்களுக்கு இரண்டு வாரம் வெங்காயம், பூண்டு இல்லாமல் ஓடட்டும். உப்புசம் அடங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும். அடங்காவிட்டால் குடல் மருத்துவரைப் பாருங்கள். லாக்டோஸுக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு. 48 வயதில் புதிதாக வந்து விடாமல் நிற்கும் உப்புசத்துக்கு வயிறு, கர்ப்பப்பை, சினைப்பை மூன்றையும் சேர்த்து ஒரு ஸ்கேன் எடுப்பது நல்லது. எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.