நீட்டித்த வாரண்டி இருந்தும் பைக் இன்ஜின் வேலைக்குப் பணம் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

மன்னார்குடியில் ஓடும் உங்கள் பைக்கில் பிஸ்டன் ஜாம் ஆகிவிட்டது, ஒரு சர்வீஸ் தள்ளிப்போனதைச் சொல்லி வாரண்டியை மறுக்கிறார்கள் என்கிறீர்கள்.

இன்ஜினைப் பிரிக்கும் முன் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டில்) கிலோமீட்டர், ஆயில் அளவு, உங்கள் புகார் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். பிரிக்கும்போது கூடவே நின்று படமெடுங்கள். கழற்றிய பாகங்களைத் தயவுசெய்து அங்கேயே விட்டுவிடாதீர்கள், அவைதான் உங்கள் சாட்சி. ஆயில் வற்றி ஜாம் ஆனதா, ஆயில் இருந்தும் ஆயில் பம்ப் அதைத் தள்ளாமல் ஜாம் ஆனதா என்பதுதான் முக்கியம். பம்ப் பழுது என்றால் தள்ளிப்போன சர்வீஸுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். ஆனால் ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டி, அது இன்ஜினுக்குள் போயிருந்தால் வாரண்டியில் பொதுவாக வராது. இன்சூரன்ஸ் பாலிசியைப் பாருங்கள்.

எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன மறுப்பு நாளைக்கு மாறிவிடும்.

சரி, அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அப்புறம் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டீலர், தயாரிப்பு நிறுவனம், வாரண்டி விற்ற நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.