பொறியில் விழுந்த வண்டு எந்த ஊர்?

கேள்வி: கனடாவில் வனவியல் படிக்கும் தங்கை, மரப்பட்டை வண்டுகளைப் பொறி வைத்துக் கணக்கெடுக்கிறாள். தெஹிவளையில் எங்கள் வீட்டு ஆனைக்கொய்யா மரத்திலும் குண்டூசி அளவில் துளைகள். அதே பொறியை இங்கே வைக்கலாமா? விழுவது உள்ளூர் வண்டா, வெளியிலிருந்து வந்ததா என்று எப்படித் தெரியும்?

பதில்: பொறி வைக்கலாம். ஆனால் அவள் பயன்படுத்தும் வாசனை மருந்து இங்கே உதவாது. அங்கே பைன், ஸ்புரூஸ் மரங்களின் பட்டைக்கடியில் வாழும் வண்டுகளே பெரும்பாலும் குறி. பிசின் வாசனையும் வண்டின் சொந்த மணமும் வைத்து அழைப்பார்கள். குளிர் விட்டதும் வேலையைத் தொடங்கினால் போதும். கொழும்பில் வண்டுக்கு விடுமுறையே இல்லை. இங்கே கட்டைக்குள் துளைத்து, பூஞ்சை வளர்த்துத் தின்னும் இனங்கள்தான் அதிகம். அவற்றில் பலவற்றுக்கு வெறும் எதனோல் போதும், வாடும் மரமும் அந்த வாசனையைத்தான் விடுகிறது.

ஒன்றரை லீற்றர் போத்தலின் பக்கங்களில் ஜன்னல் வெட்டி, மூடி கீழே வர மார்பளவு உயரத்தில் தொங்கவிடுங்கள். உள்ளே சின்னக் குப்பியில் எதனோல் கலந்த சானிடைசர் (ஐசோபுரப்பைல் வேண்டாம்), அடியில் சவர்க்காரத் தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதலில் நுளம்பு வரும், பின்னாலேயே பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார்!

விழுந்ததைத் தேயிலை வடியில் வடித்து ஸ்பிரிட்டில் போடுங்கள். திகதி, இடம், மரம் மூன்றையும் பென்சிலால் எழுதிய துண்டையும் அதற்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

சரி, எந்த ஊர் வண்டு? இரண்டு மில்லிமீற்றர் பழுப்பு உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. தேயிலைத் தண்டு துளைப்பான் என்றே, 2003-இல் லொஸ் ஏஞ்சலஸில் அகப்பட்ட வண்டையும் நினைத்தார்கள். டி.என்.ஏ. பார்த்த பிறகுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது. நிபுணர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் கண்ணால் தீர்ப்புச் சொல்வது எப்படி?

இன்னொன்று: பொறியில் விழுந்ததெல்லாம் உங்கள் மரத்தைத் துளைத்தது ஆகாது, பக்கத்து வீட்டு விறகிலிருந்தும் பறந்து வந்திருக்கலாம். துளை விழுந்த கிளை ஒன்றை வெட்டி, கத்தியால் பிளந்து பாருங்கள். கறுத்த சுரங்கத்துக்குள் இருக்கும் வண்டைத் தனிக் குப்பியில் வையுங்கள். கணக்கெடுப்பில் அதுவே உறுதியான சான்று.

இரண்டு குப்பிகளையும் கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவையில் விசாரித்துக் கொடுங்கள். உயிரோடு கொண்டுபோக வேண்டாம். அப்புறம், வெட்டிய கிளையை விறகுக்கென்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.